கொடுப்பதா, வைத்திருப்பதா?

நம் சங்க மலரில் சிலப்பதிகாரத்தைப் பற்றி எழுதுவார்கள். பொங்கல் விழாவைப் பற்றி எழுதுவார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றிக்கூட வெண்பா எழுதுவார்கள். அமெரிக்கர் ஆடும் பேஸ்பாலைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்கட்டும். முதுகலை அறிவியல் படிக்க இந்த வடநாட்டுக்கு வந்த நாள் முதல் என் வேலை அளப்பதுதான். அளந்து வந்த எண்ணில் உண்மை எவ்வளவு, தற்செயல் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அதைவிடப் பெரிய வேலை. இந்த இரண்டாவது வேலையைப் பாடப் புத்தகத்தைக் காட்டிலும் சுவையாகச் சொல்லித் தரும் ஆட்டம் பேஸ்பால் என்பது என் எண்ணம்.

அந்த ஆட்டத்தில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. பெயர் பெற்ற பந்து வீச்சாளர் ஒருவர் இந்த ஆண்டு தடுமாறுகிறார். அவரைக் கொடுத்துவிட்டு, இன்னும் பெரிய ஆட்டத்தில் கால் வைக்காத இளைஞர் ஒருவரை வாங்கலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

ஆட்டமும் அளவுகோலும்

கிரிக்கெட் அறிந்தவருக்குப் பேஸ்பால் பாதி தெரிந்த ஆட்டமே. பந்து தரையில் படாமல் நேராக மட்டையாளரிடம் செல்லும். எறிபவரை பிட்ச்சர் என்பர். நாமும் அப்படியே அழைப்போம். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் ஓர் அணிக்கு மூன்று பேர் அவுட் ஆனால் முடிந்தது. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்ச்சருக்குக் கை மிகவும் களைத்துப்போகும். ஆகையால் அவர் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒரு முறைதான் எறிவார்.

பிட்ச்சரின் தரத்தை அளக்க நெடுங்காலமாக ஓர் எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பதே அது. களத்தில் நிற்கும் ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிடுவார்கள். இதை ஈ.ஆர்.ஏ. என்பர், நாம் ‘ரன் விகிதம்’ என்போம். இது குறையக் குறைய நல்லது. 3 என்றால் பாராட்டு. 4 என்றால் பரவாயில்லை. 5ஐத் தாண்டினால் அவருக்கு உறக்கம் வராது.

மேஜர் லீக் எனப்படும் உச்ச நிலையில் இப்போது 30 அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் கீழ்ப்படிகளில் தன் சொந்தப் பயிற்சி அணிகள் உண்டு. டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று அந்தப் படிகளுக்குப் பெயர். இளைஞர்கள் அவற்றில் ஆடி ஆடி மேலே வரவேண்டும். அணிகள் தமக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது அங்கே அன்றாட வாணிபம். ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இது விளங்கும். ஆனால் அங்கே ஏலம் இல்லை, பண்டமாற்றுத்தான் பெரும்பாலும்.

1987இல் ஒரு பண்டமாற்று

1987 ஆகஸ்ட் 12 அன்று நடந்த ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். அட்லாண்டா பிரேவ்ஸ் அணி டாயில் அலெக்சாண்டர் என்னும் பிட்ச்சரைக் கொடுத்தது. டெட்ராய்ட் டைகர்ஸ் அணி அவருக்கு ஈடாக ஜான் ஸ்மோல்ட்ஸ் என்னும் இளைஞரைக் கொடுத்தது.

அலெக்சாண்டருக்கு அப்போது வயது 36. அவ்வாண்டு அட்லாண்டாவுக்காக 5 ஆட்டங்களில் வென்று 10 ஆட்டங்களில் தோற்றிருந்தார். ரன் விகிதம் 4.13. ஸ்மோல்ட்ஸுக்கு வயது 20. டபுள் ஏ படியில் அவருடைய கணக்கு 4 வெற்றி, 10 தோல்வி; ரன் விகிதம் 5.68. 1985ஆம் ஆண்டு ஆள்தேர்வில் 22ஆம் சுற்று வரை எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

தராசின் இரு தட்டுகளையும் பாருங்கள். ஒரு தட்டில் தோற்றுக்கொண்டிருக்கும் முதியவர். மறு தட்டில் அவரைவிட மோசமாகத் தோற்றுக்கொண்டிருக்கும் இளைஞர். எண்களை மட்டும் பார்ப்பவர், இந்த இருவருக்காக இரண்டு அணிகள் ஏன் பேரம் பேசின என்று வியப்பார். காரணம் யாது? மூன்று கேள்விகளாகப் பிரித்து ஆராய்வோம்.

முதற் கேள்வி: தடுமாற்றத்தில் தற்செயல் எவ்வளவு?

முதலில் வெற்றி தோல்விக் கணக்கைத் தள்ளிவைப்போம். பிட்ச்சர் எவ்வளவு நன்றாக எறிந்தாலும் அவருடைய அணி ரன் எடுக்காவிட்டால் தோல்வி அவர் பெயரில்தான் எழுதப்படும். அட்லாண்டா அவ்வாண்டு 69 ஆட்டங்களில் வென்று 92இல் தோற்ற அணி. அத்தகைய அணியில் 5-10 என்ற கணக்கு ஒருவரின் கையைப் பற்றிச் சொல்வதைவிட அவரைச் சுற்றி நின்றவர்களைப் பற்றியே மிகுதியாகச் சொல்லும்.

ரன் விகிதமோ? அதிலும் தற்செயல் கலந்திருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். அரை ஆண்டில் ஒரு பிட்ச்சர் சுமார் 500 மட்டையாளர்களுக்கு எறிகிறார் என்று கொள்வோம். அவர்களில் சிலர் பந்தைத் தொடாமலே வெளியேறுவர். சிலர் இலவசமாக முதல் தளத்துக்கு நடப்பர். சிலர் எல்லைக்கு வெளியே அடித்து ஹோம் ரன் பெறுவர். மீதி 350 பேர் களத்துக்குள் பந்தை அடிப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வாறு அடித்த பந்துகளில் நூற்றுக்குச் சுமார் 30 ஃபீல்டர் கைக்கு எட்டாமல் விழும் என்பது பொதுவான அனுபவம். ஆக 105 அடிகள் பலிக்க வேண்டும்.

ஆனால் காசைச் சுண்டினால் நூறு முறைக்குச் சரியாக ஐம்பது தலை விழுகிறதா? இல்லை. அதே போல இந்த 105 என்ற எண்ணும் ஆடும். அந்த ஆட்டத்தின் அளவை நாம் படித்த சூத்திரமே தருகிறது: 350ஐ 0.3ஆலும் 0.7ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 8.6. அதாவது, பிட்ச்சரின் திறமை கடுகளவும் மாறாமலே ஒன்பது அடிகள் கூடலாம், குறையலாம். அவுட் ஆக வேண்டிய பந்து அடியாக மாறினால் ஏறக்குறைய முக்கால் ரன் நட்டம். ஒன்பது அடிக்குச் சுமார் ஏழு ரன் ஆயிற்று. அலெக்சாண்டர் அட்லாண்டாவில் எறிந்தது ஏறக்குறைய 118 இன்னிங்ஸ். அதாவது பதின்மூன்று முழு ஆட்டங்கள். ஏழு ரன்னைப் பதின்மூன்றால் வகுத்தால் அரை ரன்னுக்குச் சற்று மேல் வருகிறது.

இனி, அவருடைய வாழ்நாள் கணக்கைப் பாருங்கள். 1971 முதல் 1989 வரை ஆடிய அவருடைய மொத்த ரன் விகிதம் 3.76. அட்லாண்டாவில் 4.13. வேறுபாடு 0.37 மட்டுமே. தற்செயல் ஒன்றே இதைச் செய்யப் போதும்! ஊரார் ‘சரிவு’ என்று கண்டது, ஒரு கணக்காசிரியர் கண்ணுக்கு வழக்கமான ஏற்ற இறக்கமாகத் தெரிந்திருக்கும். மேலும் அவர் 1984இலும் 1985இலும் டொராண்டோ அணிக்காக ஆண்டுக்கு 17 வெற்றி பெற்றவர்.

இந்த உண்மையை வோரோஸ் மெக்கிராக்கன் என்பவர் 2001இல் எழுதிய ஒரு கட்டுரை அழுத்தமாக எடுத்துக் காட்டியது. களத்துக்குள் அடிக்கப்பட்ட பந்து அடியாகுமா, அவுட்டாகுமா என்பதில் பிட்ச்சருக்கு உள்ள பிடி நாம் நினைத்ததைவிட மிகக் குறைவு என்றார் அவர். பின்வந்தோர் அக்கூற்றைச் சற்றுத் தணித்தார்கள், தள்ளிவிடவில்லை. இன்று பிட்ச்சரை மதிப்பிடுவோர் ஃபீல்டர்களின் கைக்குப் போகாத மூன்றையே முதலில் பார்க்கிறார்கள்: எத்தனை பேரைப் பந்தைத் தொடவிடாமல் வெளியேற்றினார், எத்தனை பேரை இலவசமாக நடக்கவிட்டார், எத்தனை ஹோம் ரன் கொடுத்தார். இம்மூன்றும் மாறாமல் ரன் விகிதம் மட்டும் உயர்ந்திருந்தால், அவரை அவசரப்பட்டுக் கைவிடலாகாது.

இரண்டாம் கேள்வி: கையில் வலி உண்டா?

எல்லாத் தடுமாற்றமும் தற்செயல் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கும் ஒரு பெயர்பெற்ற சான்று உண்டு. எர்னி பிரோலியோ 1963இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 18 ஆட்டங்களில் வென்றவர். 1964இன் தொடக்கத்தில் 3 வெற்றி, 5 தோல்வி. ‘நல்ல பிட்ச்சர், சில வாரமாக நேரம் சரியில்லை’ என்று சிகாகோ கப்ஸ் அணி எண்ணியது போலும். ஜூன் 15 அன்று அவரை முதன்மையாகக் கருதி வாங்கி, லூ பிராக் என்ற இளம் மட்டையாளரைக் கொடுத்தது. பிராக்கும் அப்போது பெரிதாகச் சோபிக்கவில்லை.

பிரோலியோவின் முழங்கை பழுதுபட்டிருந்தது. கப்ஸ் அணிக்காக மூன்று ஆண்டுகளில் அவர் பெற்ற வெற்றிகள் மொத்தம் ஏழு. பிராக்கோ அதே ஆண்டில் தம் புதிய அணியுடன் உலகத் தொடர் வெற்றியைக் கண்டார். தம் வாழ்நாளில் 938 தளங்களைத் திருடி 1985இல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்.

ஆக, 5-10 என்ற எண்ணும் 3-5 என்ற எண்ணும் காகிதத்தில் ஒரே சாதிதான். ஒன்றன் பின்னால் நலமான கை இருந்தது. மற்றொன்றன் பின்னால் நோயுற்ற முழங்கை இருந்தது. எண் இதைச் சொல்லாது. பந்தின் வேகம் குறைந்திருக்கிறதா, குறி தவறுகிறதா, எறிந்த மறுநாள் கையை மடக்க முடிகிறதா என்று நேரில் பார்த்துக் கேட்டுத்தான் அறியவேண்டும்.

மூன்றாம் கேள்வி: யாருக்கு, எப்போது?

விலை என்பது பொருளில் மட்டும் இல்லை; வாங்குபவரின் தேவையிலும் இருக்கிறது. 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் தன் பிரிவின் முதலிடத்துக்கு டொராண்டோ அணியுடன் போராடிக்கொண்டிருந்தது. அக்காலத்தில் பிரிவில் முதல்வராக வந்தாலன்றி அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. டெட்ராய்டுக்கு அடுத்த ஏழு வாரத்தில் கிடைக்கும் ஒவ்வொரு வெற்றியும் பொன். அட்லாண்டாவுக்கோ அது தோற்றுப்போன ஆண்டு. இன்னும் ஐந்து ஆட்டங்களில் வென்று என்ன ஆகப்போகிறது?

இளைஞரின் மதிப்பு வேறு வகையானது. மேஜர் லீக் விதிப்படி ஓர் ஆட்டக்காரர் ஆறு ஆண்டுச் சேவை முடித்த பிறகே தாம் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை பெறுவார். அதுவரை அவர் அணியின் பிடியில் இருப்பார். முதல் சில ஆண்டுகளுக்குச் சம்பளமும் குறைவு. ஆகவே ஓர் இளைஞரை வாங்குவது ஆறு ஆண்டு அறுவடையை வாங்குவது போன்றது, விதை முளைத்தால்!

முளைக்குமா என்பதுதான் சிக்கல். ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று நம்மவர் சொல்வர். இந்த வயலில் அது அவ்வளவு எளிதாகத் தெரிவதில்லை. கீழ்ப்படிகளில் ஆடும் இளைஞர்களுள் பெரும்பாலோர் உச்சிக்கு வருவதே இல்லை. நாம் படிக்கும் இந்த உத்தரப் பிரதேச மண்ணிலிருந்தே ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரு ஈட்டி எறியும் இளைஞர்கள் 2008இல் ஒரு போட்டியின் வழியாகத் தேர்வாகிப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தம் பெற்றார்கள். அரிய செயல்தான்; அவர்களைப் பற்றித் திரைப்படமும் வந்தது. ஆனால் இருவரும் மேஜர் லீக் களத்தில் இறங்கவில்லை.

பேச்சுக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். பத்து இளைஞரில் ஒருவர் சிறந்து விளங்கி ஆறு ஆண்டில் தம் அணிக்கு 20 வெற்றிகளைக் கூடுதலாகத் தருகிறார். இருவர் தலைக்கு 5 தருகிறார்கள். ஏழு பேர் ஒன்றும் தருவதில்லை. மொத்தம் 30; ஓர் இளைஞருக்குச் சராசரி 3 வெற்றி, அதுவும் பின்னாளில். மூத்தவர் இவ்வாண்டின் மீதி நாட்களில் 2 வெற்றியைக் கூடுதலாகத் தருவார் என்று கொள்ளுங்கள். தோற்கும் அணிக்கு நாளைய மூன்று பெரிது; முதலிடத்துக்குப் போராடும் அணிக்கு இன்றைய இரண்டே பெரிது. இரு தரப்பும் இலாபம் என்று எண்ணிக் கைகுலுக்க இடம் உண்டு.

தீர்ப்பு எந்த நாளில்?

என்ன நடந்தது? டெட்ராய்டில் அலெக்சாண்டர் 9 ஆட்டங்களில் வென்றார், ஒன்றிலும் தோற்கவில்லை. ரன் விகிதம் 1.53! டெட்ராய்ட் 98 வெற்றி, டொராண்டோ 96 வெற்றி. அந்த இரண்டு வெற்றிதான் முதலிடம். அலெக்சாண்டர் இல்லாவிட்டால் அது கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அடுத்த கட்டத்தில் மின்னசோட்டா அணியிடம் டெட்ராய்ட் 4-1 என்று தோற்றது வேறு கதை.

இங்கேயும் கணக்கை மறக்கக் கூடாது. 4.13 அவருடைய உண்மைத் தரம் இல்லை என்றால், 1.53உம் உண்மைத் தரம் இல்லை. 1988இல் அவர் விகிதம் 4.32, 1989இல் 4.44, 6 வெற்றிக்கு 18 தோல்வி. அத்துடன் ஓய்வு.

ஸ்மோல்ட்ஸ்? 1988இல் மேஜர் லீக்குக்கு வந்து 2 வெற்றி, 7 தோல்வி, விகிதம் 5.48. அந்த ஆண்டு முடிவில் கேட்டிருந்தால், ‘டெட்ராய்ட் அட்லாண்டாவை ஏமாற்றிவிட்டது’ என்றுதான் பலரும் சொல்லியிருப்பர். 1989இல் அவர் விகிதம் 2.94. 1996இல் 24 வெற்றியும் சை யங் விருதும். மொத்தம் 213 வெற்றி, பின்னாளில் ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்ச்சராக 154 ஆட்டங்களைக் காத்த பெருமை. 2015இல் புகழ் மண்டபம். இன்று கேட்டால், ‘டெட்ராய்ட் மடத்தனம் செய்தது’ என்பார்கள்.

ஒரே செயலுக்கு 1987இல் ஒரு தீர்ப்பு, 2015இல் நேர்மாறான தீர்ப்பு! முடிவைப் பார்த்து முடிவெடுத்தவரை அளந்தால் இப்படித்தான் ஆகும். ஆகஸ்ட் 12 அன்று கையில் இருந்த செய்திகளைக் கொண்டு பார்த்தால் டெட்ராய்ட் செய்தது அறிவுள்ள பேரம்; விலை பின்னால்தான் தெரிந்தது. அட்லாண்டா செய்ததும் அறிவுள்ள பேரமே, 5.68 என்ற எண்ணுக்கு அப்பால் கையைப் பார்த்து வாங்கினார்கள்.

என்னைப் பொறுத்தவரை இக்கதையில் உயர்ந்த பகுதி பேரம் முடிந்து நான்கு ஆண்டுக்குப் பின் வருகிறது. 1991ஆம் ஆண்டின் முதற் பாதியில் ஸ்மோல்ட்ஸ் மறுபடியும் சறுக்கினார்: 2 வெற்றி, 11 தோல்வி. இப்போது தடுமாறும் பிட்ச்சர் அவரே! 1987இல் அட்லாண்டாவின் பொது மேலாளராக இருந்து அவரை வாங்கிய பாபி காக்ஸ், இப்போது அணியின் களப் பொறுப்பில் இருந்தார். முறை வந்தபோதெல்லாம் காக்ஸ் அவரையே அனுப்பினார். பிற்பாதியில் ஸ்மோல்ட்ஸ் 12 வெற்றி, 2 தோல்வி. முந்தைய ஆண்டு கடைசியில் கிடந்த அட்லாண்டா உலகத் தொடர் வரை சென்றது. அத்தொடரின் ஏழாம் ஆட்டத்தைத் தொடங்கி எறிந்தவரும் அவரே.

நமக்கு என்ன?

சென்ற பருவத் தேர்வுக்குப் பிறகு நம் விடுதித் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். ஊரில் தமிழ் வழியில் படித்து மாவட்டத்தில் முன்னணியில் நின்றவர். இங்கே முதற் பருவத்தில் இரண்டு தாள்கள் போய்விட்டன. ‘ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பார்க்கிறேன், அண்ணா’ என்றார். நான் அவருக்கு அலெக்சாண்டர் கதையைச் சொன்னேன். ‘நான் பந்தே எறிந்ததில்லையே, அண்ணா’ என்று சிரித்தார். சிரித்தது நல்லது என்று மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டேன்.

ஒரு பருவம், ஐந்து தாள். இது எவ்வளவு சிறிய மாதிரி! பன்னிரண்டு ஆண்டுப் படிப்பைத் தள்ளிவிட்டு இந்த ஐந்தை மட்டும் நம்புவது அறிவியல் முறையா? அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அத்துடன் விடவில்லை. கையில் வலி உண்டா என்றும் கேட்டேன். சற்றுத் தயங்கி, இந்தியில் ஆங்கிலம் கலந்து நடக்கும் வகுப்பில் பாதி விளங்குவதில்லை, எழுந்து கேட்கக் கூச்சம் என்றார். அது தற்செயல் அன்று. அதுதான் பழுதான முழங்கை. அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட்டிருந்தால் அடுத்த பருவமும் அப்படியே போயிருக்கும். இப்போது மாலை நேரத்தில் சங்க நண்பர் இருவர் அவருடன் அமர்ந்து பாடங்களைத் தமிழில் பேசிப் பார்க்கிறார்கள். மறுதேர்வு இனிமேல்தான். முடிவு எப்படியும் ஆகலாம். இருந்து எழுதுவது என்ற அவருடைய முடிவு இன்று சரியானதே.

நண்பர்களே, நாமும் நாளை ஆசிரியராவோம், ஆய்வுக்கூடத் தலைவராவோம், ஆள் எடுக்கும் இடத்தில் உட்காருவோம். ஒரு தாளில் எழுதிய ஓர் எண்ணுடன் யாரேனும் நம்முன் நிற்பார். அந்த எண்ணில் தற்செயல் எவ்வளவு, வலி எங்கே, இவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பிறகு கொடுப்பதா, வைத்திருப்பதா என்று முடிவு செய்வோம்.